எரியாத சிவப்பு விளக்கு

இளமதி இட்லித் தட்டை மேசையில் வைத்த வேகத்தில் சட்னி சிதறிப் புருஷன் ஸ்ரீதரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. அவன் நிதானமாகக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான். தப்பு செய்த ஆண்பிள்ளைதான் இவ்வளவு பொறுமையாகத் துடைப்பான் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. பிற்பாடுதான் தோன்றியது.

அந்த மஞ்சக்குப்பத்து வீட்டில் நல்லபடியாகப் பேச்சு நடந்து மூன்று வாரம் ஆகிறது. சிப்காட் தொழிற்பேட்டை ஆலை ஒன்றில், ஆசிட் குழாயில் சோதனைக்கு மாட்டியிருந்த புது மாதிரி வால்வு ஒழுகி, கோவிந்தசாமி என்கிற ஆப்பரேட்டரின் வலது கை வெந்துபோன வெள்ளிக்கிழமையோடு அது நின்றுபோனது.

அது வெறும் வால்வு இல்லை, மூன்று வீட்டுக் கனவு. கடலூர் முதுநகரில் இளமதியின் தோழி ஹஃப்சாவின் பட்டறை அதன் இரும்பு உடலை வார்த்துக் கடைந்து கொடுத்தது. செம்மண்டலத்தில் ஸ்ரீதரின் கம்பெனி, இரும்பை ஆசிட் தின்றுவிடாதபடி உள்ளே டெஃப்லான் லைனிங் போட்டது. ஒன்றுக்கு இரண்டு அடுக்கு. நடுவில் தலைமுடி போல மெல்லிய கம்பி வலை. சிதம்பரத்தில் இளமதியின் தம்பி இளவரசு, அந்த வலையோடு சேர்கிற சின்ன எலக்ட்ரானிக் பெட்டியைச் செய்தான். உள் அடுக்கு தேய்ந்து ஆசிட் வலையைத் தொட்டால் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிய வேண்டும். ஒழுகுவதற்கு முன்னாலேயே வால்வு தானாகச் சொல்லிவிடும். பெரிய ஆலைகள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற சமாச்சாரத்தை நாமே செய்யலாம் என்று, இந்த மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துச் சொன்னவள் இளமதி.

கோவிந்தசாமியின் கை வெந்தபோதும் பெட்டியில் பச்சைதான் எரிந்துகொண்டிருந்தது.

"உன் தம்பி பொட்டிதான் பொய் சொல்லிடுச்சு" என்று ஸ்ரீதர் அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டான். சொன்னதோடு விடவில்லை. இளவரசுவுக்கு நிச்சயம் செய்திருந்த தன் தங்கை கயல்விழியின் கல்யாணத்தையும் நிறுத்திவைத்தான். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம்.

இன்றைக்கு மாலை அந்த ஆலையில் விசாரணைக் கூட்டம்.

"மதி, ஒரு நல்ல சேதி" என்றான் ஸ்ரீதர், இட்லியைப் பிட்டபடி. "கயல் கல்யாணத்த வச்சுக்கலாம். மீட்டிங் முடிஞ்சதும் மண்டபத்துக்கு ஃபோன் போட்டுடறேன்."

இளமதியின் கை கரண்டியோடு நின்றது.

"திடீர்னு என்னா?"

"நேத்து சிதம்பரம் போயி மச்சானப் பாத்தேன். தப்பு என் பொட்டிலதான்னு மீட்டிங்ல அவனே ஒத்துக்கிறான். மெட்ராஸ் பார்ட்டி ஒருத்தன் சர்க்யூட் தரேங்கறான். அத வச்சி நாமளும் ஹஃப்சாவும் வேலையத் தொடர்ந்து பண்ணிக்கலாம். மச்சான் ஒதுங்கிக்கிறான்."

"ஒத்துக்கிறேன்னு அவன் வாயால சொன்னானா? இத்தனை நாளா, எத்தனை தரம் பிரிச்சுப் பாத்தும் எதுவும் தப்பா இல்லக்கான்னு அழுதுக்கிட்டு இருந்தவன்?"

"சொந்தக்காரன் இல்லயா. புரிஞ்சிக்கிட்டான்."

"கயலுக்குத் தெரியுமா?"

"சாயந்திரம் சொல்லிக்கலாம். அதுக்குள்ள நீ போய் உளறி வைக்காத."

கயல்விழி, சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. காலை ரயிலுக்கே கிளம்பிப் போய்விட்டிருந்தாள். கல்யாணம் நின்றதிலிருந்து அண்ணன் முகத்தைப் பார்த்து அவள் ஒருவேளைகூடச் சாப்பிடவில்லை.

நல்ல சேதிதான். ஆனாலும் இளமதிக்குச் சந்தோஷம் வரவில்லை. தம்பி எதையோ விழுங்கிவிட்டுத் தலையாட்டியிருக்கிறான் என்று மட்டும் பட்டது.

* * *

கம்பெனிக்கு அவள் போனது சாயந்திரக் கூட்டத்துக்குக் காட்ட ஒரு வால்வை எடுத்து வைக்கத்தான்.

உள்ளே கேட்டை ஒட்டி, தொழிலாளி செந்தமிழ்செல்வன் ஸ்பார்க் போட்டுக்கொண்டிருந்தான். லைனிங் தொழிலில் இது கடைசி வேலை. உயர் அழுத்த மின்சாரம் ஏறிய கம்பித் தூரிகையால் லைனிங் முழுவதையும் ஒருமுறை வருடுவார்கள். எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் நீலமாக ஒரு பொறி பாயும். ஸ்ரீதரின் அப்பா ஆரம்பித்து வைத்த பழக்கம். எல்லாம் மாட்டி முடித்து, மரப்பெட்டியில் அடைப்பதற்கு முன்னால், கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கடைசியாக ஒரு தடவை. ஸ்பார்க் போடாமல் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு துண்டுக் குழாய்கூட வெளியே போனதில்லை. சிப்காட் முழுக்க ஸ்ரீதருக்கு அதில்தான் பெயர்.

மீதமிருந்த புது வால்வு ஒன்றில் தூரிகையை வைப்பதற்கு முன்னால் செந்தமிழ்செல்வன் இளவரசுவின் பெட்டியிலிருந்து வரும் ஒயரைக் கழற்றித் தனியாக வைத்தான்.

"அத ஏன் கழட்டறீங்க?"

"சார் சொன்னாருங்க மேடம். இனிமே பொட்டியக் கழட்டிட்டுத்தான் ஸ்பார்க் போடணும்னு."

"எப்ப சொன்னாரு?"

"போன வாரங்க. சாரே ஒரு பீஸ்ல போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் அங்கயே உக்காந்துட்டாரு. டீ குடுத்தேன், வேணாம்னுட்டாரு."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடில்லாம் பொட்டியோடவே போட்டுடுவோம் மேடம். எல்லாத்தையும் மாட்டுன பின்னாடி கேட்டுக்கிட்ட ஒரு தடவ போடறது நம்ம வழக்கமாச்சே."

அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வால்வை உருட்டப் போய்விட்டான்.

இளமதி அப்படியே நின்றாள். வேதியியல் படித்தவள்; மின்சாரம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கைப்பேசி அளவுகூட இல்லாத ஒரு சர்க்யூட்டோடு ஒட்டியிருக்கும் வலைமேல் அத்தனை அழுத்த மின்சாரத்தைத் தடவினால் என்ன ஆகும் என்று தெரிய இன்ஜினியர் ஆக வேண்டியதில்லை. ஆலைக்குப் போன ஒவ்வொரு பெட்டியும் இந்தக் கேட்டிலேயே செத்துத்தான் போயிருக்கிறது.

அதுகூடப் போகட்டும். தெரியாமல் நடந்தது. தெரிந்த பிறகு?

போன வாரமே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் நேற்று சிதம்பரம் போயிருக்கிறான். தெரிந்துகொண்டுதான் காலையில் என் கையால் இட்லி சாப்பிட்டான்.

அவள் ஸ்பார்க் கருவியைத் தூக்கினாள். ஒரு வால்வையும் புதுப் பெட்டி ஒன்றையும் கம்பெனி வேனில் ஏற்றச் சொன்னாள்.

"இப்பவே மீட்டிங்குங்களா மேடம்?"

"இல்ல. சிதம்பரம்."

* * *

ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவள் எதையும் யோசிக்கவில்லை. வேனை ஓட்டினாள், அவ்வளவுதான். புதுச்சத்திரத்தில் ஒரு லாரியை முந்தும்போது வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். லாரிக்காரனைச் சொன்ன மாதிரி இல்லை.

லைனிங்கில் ஓர் ஊசிமுனை ஓட்டைக்காக முழு வால்வையும் உரித்துப் போட்டுத் திரும்பச் செய்யச் சொல்கிறவன் அவள் புருஷன். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் காதலித்தாள். வீட்டில் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டாள். அந்த மனுஷன் மனசுக்குள் இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினான்?

மேலவீதிக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் இருக்கிறது இளவரசுவின் பட்டறை. அவன் தாடியோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னாக்கா, சொல்லாம கொள்ளாம?"

"நீ ஏண்டா ஒத்துக்கிட்ட?"

"எத?"

"நடிக்காதடா. உன் மாமா சொல்லிட்டாரு. தப்பு உன் பொட்டிலன்னு சொல்லப் போறியாமே. கண்டுபிடிச்சிட்டியா தப்ப?"

அவன் தலையைக் குனிந்தான். "கண்டுபிடிக்கல. ஆனா ஏதோ இருக்கணும் இல்ல? ஒரு மனுசன் கை போயிருக்கே."

"இருக்கு. நான் சொல்றேன் கேளு." அவள் ஸ்பார்க் கருவியைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். "பொட்டிய மாட்டுன பின்னாடி, வண்டி ஏத்தறதுக்கு முன்னாடி, இதால தடவி அனுப்பியிருக்கோம். ஒவ்வொரு பீஸையும்."

இளவரசு கருவியின் முதுகில் எழுதியிருந்த வோல்ட் கணக்கைப் படித்தான். மறுபடியும் படித்தான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இதாலயா? ஒயர் மாட்டியிருக்கும்போதேவா? அக்கா, இது யானைக்கால் மாதிரி. என் சர்க்யூட்டு எறும்பு!" அவன் குரல் ஏறியது. "இப்படி ஒரு டெஸ்ட் இருக்குன்னு எங்கிட்ட யாருமே சொல்லலையே!"

"நீ இந்த மாதிரி கரண்ட் தாங்காதுன்னு எங்ககிட்ட சொன்னியா?"

"அது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்!"

"அதேதான். ஸ்பார்க் போடறது எங்களுக்குப் பல் விளக்கற மாதிரி. பல் விளக்கினேன்னு யாருக்காவது ஃபோன் போட்டுச் சொல்லுவாங்களா?"

ஒரு நிமிஷம் இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். வால்வைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியவர்கள். அவரவர் வேலையை அவரவர் முடித்து அடுத்தவர் கையில் கொடுத்தார்களே தவிர, அடுத்தவர் வீட்டுப் பட்டறையில் அரைநாள் நின்று என்ன செய்கிறார்கள் என்று பார்த்ததில்லை. சம்பந்தி வீட்டு வேலையை மேற்பார்வை பார்ப்பதா? அது மரியாதைக் குறைவு அல்லவா!

"இருந்தாலும் பச்சை எரிஞ்சிதே" என்றாள் இளமதி.

இளவரசுவின் முகம் சுருங்கியது. "பச்சைக்குத் தனி லைன் குடுத்திருந்தேன். சர்க்யூட் செத்தாலும் அது எரியும். அது... அது என் தப்புதான்க்கா. செத்தா செவப்பு வர்ற மாதிரி பண்ணியிருக்கணும்." கருவியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான். "மாமாவுக்குத் தெரியுமா?"

"போன வாரமே."

அவன் முகத்தில் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"விட்டுடுக்கா" என்றான். "நான் ஒத்துக்கறேன். பாதி தப்பு என்னுதுதானே."

"பாதிதானே? முழுசா ஏண்டா தூக்கிக்கிற?"

"தூக்கிக்கிட்டா கயலத் தரேன்னாரு."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வேனில் ஏறும்போதே இளமதி ஃபோன் செய்து கயலை வரச் சொல்லியிருந்தாள். கையில் சாப்பாட்டு டப்பாவோடு கயல்விழி உள்ளே வந்தாள்.

"என்னா அண்ணி, அவசரம்னீங்க? ஏன் ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க?"

இளமதி எதையும் மூடி மறைக்கவில்லை. கேட்டில் நடந்த தப்பு, ஸ்ரீதருக்குத் தெரிந்தது, நேற்று நடந்த பேரம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கயல்விழி டப்பாவைக் கீழே வைக்காமலேயே கேட்டாள். முடிந்ததும் இளவரசுவைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்கண்ணன் வித்துட்டான். நீங்க வாங்கிட்டீங்க. அப்படித்தானே?"

"கயல், உனக்காகத்தான்..."

"எனக்காகன்னு சொல்லாதீங்க! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னுடுவ."

"தெரியுது இல்ல? அப்புறம் என்னா?" அவள் கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை. "நாளைக்கு என் புருஷன் யாருன்னு கேட்டா, கைய வேக வச்சவன்னு ஊரே சொல்லும். அத நீங்களே எழுதிக் குடுத்துட்டு வந்து என் கழுத்துல தாலி கட்டுவீங்க. நான் தலையக் குனிஞ்சி வாங்கிக்கணும். ஏன், நான் என்னா வால்வா? ஒரு பட்டறைலேருந்து இன்னொரு பட்டறைக்கு அனுப்பறதுக்கு?"

இளவரசு தள்ளிவிட்ட நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தான்.

கயல்விழி டப்பாவை அவன் முன்னால் டக்கென்று வைத்தாள். "தின்னுங்க. பசி மயக்கத்துல அங்க போய் இன்னொரு பொய்யச் சொல்லிடப் போறீங்க."

* * *

மூவரும் வேனில் வந்து சேர்ந்தபோது, சிப்காட் சாலையில் ஆலை வாசலிலேயே ஹஃப்சா காத்திருந்தாள். இளமதியோடு கல்லூரியில் படித்தவள். வாப்பா நஸ்ருதீனுக்கு முடியாமல் போனதும் பட்டறையை ஏற்றவள்; லேத் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் குரலும் பெரிசாகிவிட்டது.

விஷயத்தைக் கேட்டதும் அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "யா அல்லாஹ்! இந்த மூணு வாரமா, வார்ப்புல பொத்தலோ புரையோ இருந்து ஒழுகிச்சோன்னு வாப்பா சாப்பிடாம கெடக்குறாரு மதி. ஸ்ரீதர் அண்ணனுக்கு வாயில என்னா, பூட்டா?"

ஸ்ரீதரின் கார் வந்து நின்றது. வேனில் கயல்விழியைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"இவள எதுக்குக் கூட்டிக்கிட்டு வந்த?"

"பொருள வித்தா டெலிவரி குடுக்கணும் இல்ல?" என்றாள் இளமதி.

"மதி, எடம் பாத்துப் பேசு."

"எடம் பாத்துத்தான் பேசறேன். உள்ள போய் நீங்களே சொல்லிடுங்க. நம்ம கம்பெனி கேட்டுக்கிட்ட நடந்தத. உங்க வாயால சொன்னா அதுல ஒரு மரியாதயாவது மிஞ்சும்."

அவன் அவளை ஒதுக்கமாகக் காரின் மறுபக்கம் அழைத்துப் போனான். "சொன்னா என்னா ஆவும் தெரியுமா? சிப்காட்ல ஒரு ஆலை விடாம நம்ம லைனிங்தான் ஓடுது. ஸ்பார்க்காலதான் கெட்டுச்சுன்னு சொன்னா, இத்தனை வருஷம் எங்கப்பா சேத்து வச்ச பேரு ஒரே நாள்ல போயிடும். கம்பெனில அத்தன குடும்பம் இருக்கு. மச்சானுக்கு என்னா, சின்னப் பட்டறை. நாலு மாசத்துல வேற வேலைக்கு எழுந்திரிச்சிடுவான். ஒருத்தன் விழுந்தா போதும்ங்கறேன். ரெண்டு பேரும் எதுக்கு விழணும்?"

"யாரு விழணும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

"அவனுக்கும் சம்மதம்."

"தங்கச்சியக் காட்டி வாங்குன சம்மதம்."

"உனக்கு நான் முக்கியமா, உன் தம்பி முக்கியமா? அத மட்டும் சொல்லு."

இளமதி அவன் சட்டையைப் பார்த்தாள். காலையில் தெறித்த சட்னிக்கறை போகவில்லை.

"இந்தக் கேள்விய நீங்க போன வாரம் கேட்டிருந்தா, நீங்கதான்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

* * *

ஆலையின் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவி சௌந்தரம். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு பேசுகிற பெண்மணி. சோதனைக்கு மாட்டிய வால்வுகளை விபத்து நடந்த அன்றைக்கே கழற்றிப் போடச் சொன்னவள் அவள்தான். மேசையின் ஒரு ஓரத்தில், சர்க்யூட் தர வந்த மெட்ராஸ்காரன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். கயல்விழியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஸ்ரீதர்தான் ஆரம்பித்தான். நன்றாகப் பேசினான். ஆசிட்டில் லைனிங் தேய்வது சகஜம்தான், வார்ப்பில் கோளாறு இல்லை, தேய்ந்ததைச் சொல்லாத எலக்ட்ரானிக்ஸ் பக்கம்தான் பிசகு, அதற்கு வேறு ஏற்பாடு தயார். இளவரசு எழுந்தான். ஒருமுறை அக்காவைப் பார்த்தான். வாய் திறந்தான்.

"மேடம்" என்று இளமதி எழுந்துவிட்டாள். "அவன் பேசறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட். அனுமதிக்கணும்."

சௌந்தரம் தலையசைத்தாள்.

இளமதி வால்வை மேசையில் வைத்தாள். புதுப் பெட்டியை அதோடு இணைத்தாள். வெளியே நீட்டியிருந்த வலை நுனியில், ஆசிட் தொட்டது போல, ஈரத் துணியை வைத்தாள். பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. துணியை எடுத்ததும் பச்சை வந்தது.

"பொட்டி வேல செய்யுது. எல்லாரும் பாத்துக்குங்க." ஸ்பார்க் கருவியின் பிளக்கைச் சுவரில் செருகினாள். தூரிகையைத் தன் புருஷனிடம் நீட்டினாள். "எங்க கம்பெனிலேருந்து ஒரு சாமான் கெளம்பறதுக்கு முன்னாடி கடைசியா என்னா பண்ணுவோமோ, அத இப்ப பண்ணிக் காட்டுங்க."

ஸ்ரீதர் தூரிகையை வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருக்க முடியவில்லை. அத்தனை பேர் பார்க்கிறார்கள். விடலைப் பருவத்திலிருந்து பிடித்துப் பழகிய பிடி. விரல்கள் தானாக அதில் போய் உட்கார்ந்துகொண்டன. கருவி உர்ரென்று முனகியது.

லைனிங்குக்கு நான்கு விரற்கடை மேலே தூரிகை நின்றது. நின்றபடியே இருந்தது.

"போடுங்க அண்ணே" என்றாள் ஹஃப்சா. "தினமும் போடறதுதானே? இன்னிக்கு என்னா கை கூசுது?"

அவன் நெற்றியில் வேர்வை இறங்கியது. மெட்ராஸ்காரன் மடிக்கணினியை மெல்ல மூடினான்.

"வேணாம்" என்றான் ஸ்ரீதர். தூரிகையைக் கீழே வைத்தான். "போட வேணாம். போட்டா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும்."

சௌந்தரம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். "என்ன ஆகும்?"

"பொட்டி செத்துடும். பச்சை மட்டும் எரிஞ்சிக்கிட்டே இருக்கும். இங்க அனுப்புன எல்லாத்துலயும் ஸ்பார்க் போட்டுத்தான் அனுப்புனோம். நாந்தான் போடச் சொன்னது."

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

ஸ்ரீதர் தலையைக் குனிந்துகொண்டான். மேசையிலிருந்த கருவி முனகிக்கொண்டே இருந்தது. இளமதி போய் அதன் ஸ்விட்ச்சை அணைத்தாள்.

"போன வாரம், மேடம்" என்றாள். சொல்லும்போது புருஷன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இளவரசு ஓர் அடி முன்னால் வந்தான். "பச்சைக்குத் தனி லைன் குடுத்தது என் தப்பு மேடம். அதையும் எழுதிக்கங்க."

சௌந்தரம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பேசியபோது குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மூணு கம்பெனி சேந்து ஒரு வால்வு செஞ்சீங்க. நல்ல வால்வு. என் ஆளுங்களுக்காக அது வரணும்னு நானே மேலிடத்துல சண்டை போட்டு வாங்குன சோதனை இது. ஆனா உங்கள்ல ஒருத்தராவது இன்னொருத்தர் பட்டறைக்குப் போய் நின்னு பாத்தீங்களா? விருந்துக்குப் போனீங்க, நிச்சயத்துக்குப் போனீங்க. வேலைக்குப் போகல. கோவிந்தசாமிக்கு விரலு மடங்கல. சோத்த அவன் சம்சாரம் பெசஞ்சு ஊட்டுது." அவள் ஸ்ரீதர் பக்கம் திரும்பினாள். "தெரியாம செஞ்சதுக்கு நான் கோவப்பட மாட்டேன். ஒரு வாரம் தெரிஞ்சும் உக்காந்திருந்தீங்களே, அதுக்கு எனக்குப் பேரு தெரியல. மூணு கம்பெனிக்கும் இனிமே இங்க வேலை கிடையாது. திரும்ப வர்றதா இருந்தா, மூணு பேரும் ஒரே கூரைக்குக் கீழ நின்னு, முதல்லேருந்து கடைசி வரைக்கும் ஒண்ணா டெஸ்ட் பண்ணி எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் உறவு கொண்டாடிக்கிட்டு வராதீங்க."

* * *

வெளியே வந்தபோது கடல்காற்றில் ஆலையின் நெடி கலந்து வீசியது. ஹஃப்சா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பிப் போனாள்.

வேன் கதவில் சாய்ந்து நின்ற கயல்விழிக்கு, அண்ணனின் நடையைப் பார்த்ததுமே உள்ளே நடந்தது விளங்கிவிட்டது.

"கயல்" என்றான் ஸ்ரீதர். "உன் கல்யாணத்துக்கு இனிமே நான் குறுக்க நிக்கல."

"நீ நின்னாலும் நடக்கும். அது எங்க ரெண்டு பேரு விஷயம். இவரோட சண்ட எனக்குத் தனியா இருக்கு, அத நான் பாத்துக்கறேன்." அவள் இளவரசுவைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆனா நீ தாரை வார்த்துக் குடுக்க வேணாம்ண்ணே. வித்த கையால குடுக்கறத நான் வாங்கிக்க மாட்டேன்."

ஸ்ரீதர் அடிபட்டவன் போல நின்றான். அப்பா இறந்தபோது அவன் கையைப் பிடித்து அழுத தங்கை. அவளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் நாளை நினைத்துத்தான் ஆறேழு வருஷம் ஓடி உழைத்திருந்தான். மணையில் அவன் உட்காரவில்லை என்றால் இளமதியும் அங்கே உட்கார முடியாது. அதே மேடையில் மாப்பிள்ளையின் அக்காவாக அவள்தான் தாலி முடிச்சைப் போட வேண்டும். இரண்டு வீட்டுக்கும் அவள் ஒருத்தி.

கயல்விழி வேனில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். இளவரசு அக்காவைப் பார்த்தான். "நீ போடா" என்றாள் இளமதி. அவன் ஏறி வேனைக் கிளப்பினான்.

ஸ்ரீதர் காரின் முன்கதவைத் திறந்து பிடித்தான். இளமதி பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அங்கே உட்கார்ந்ததில்லை.

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா இருந்தான்.

"திருப்திதானே உனக்கு?"

"இன்னும் இல்ல."

"இன்னும் என்னா பண்ணணும்ங்கற?"

"மேடத்துக்கிட்ட சொன்னீங்க. கோவிந்தசாமிக்கிட்ட யாரு சொல்றது?"

"மதி, இன்னிக்கு என்னால முடியாது. நாளைக்குப் போலாம். இந்த மூஞ்சியோட போயி என்னான்னு சொல்றது?"

"உள்ள சொன்னதயே சொல்லுங்க. ஆனா அங்க நான் வாயத் தொறக்க மாட்டேன். எப்ப தெரியும்னு கோவிந்தசாமி சம்சாரம் கேட்டா, நீங்கதான் சொல்லணும்."

"நீ எங்கூட வருவியா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் வண்டிலதான் உக்காந்திருக்கேன்."

கார் மெல்ல நகர்ந்து ஆலையின் கேட்டைத் தாண்டிப் பெரிய சாலையின் முகப்பில் வந்து நின்றது. வடக்கே போனால் மஞ்சக்குப்பம், வீடு. தெற்கே போனால் ஆலப்பாக்கம், கோவிந்தசாமியின் வீடு. பின்னால் வந்த டேங்கர் லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

ஸ்ரீதர் இன்னும் எந்தப் பக்கமும் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. இளமதியும் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.